பயிற்சியாசிரியரை அளக்கும் கோல்

விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வருதல் இயல்பென்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும், அறிந்த அவ்வுண்மையைத் தோல்வி வந்த நாளில் நினைவிற் கொள்வோர் மிகச் சிலரே. இவ்வாண்டு கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த கூடைப்பந்துப் போட்டியில் நம் குழுவினர் முதற் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினர். மறுநாள் உணவு விடுதியிலும் நூல்நிலையத்துப் படிகளிலும் யாம் கேட்ட பேச்செல்லாம் ஒன்றே. "இவர் வந்தபின் எத்தனை கோப்பை வந்தது? வேறொருவரை அமர்த்தினால் என்ன?" என்பதே அது. அங்ஙனம் பேசினோருள் யாமும் ஒருவராக இருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பின்னர் ஆர அமர எண்ணிப் பார்த்தபோது, கல்லூரிப் பயிற்சியாசிரியர் ஒருவரை அளத்தற்குக் கோப்பைகளின் தொகை தக்க கோல்தானோ என்னும் ஐயம் எம்முள் எழுந்தது. அவ்வையத்தின் வழியே சென்று யாம் கண்ட முடிபை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இதனை ஆராய்தற்குக் கூடைப்பந்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அவ்வாட்டத்தைக் கண்டவரே ஒரு கல்லூரிக் குழுவிற்குத் தலைமைப் பயிற்றுநராகவும் இருந்தார். அவர் வாழ்க்கை நம் வினாவிற்கு நேரே விடை பகர்வதாகும்.

கனடா நாட்டின் ஒன்டேரியோ மாகாணத்தில், ஆல்மாண்டு என்னும் ஊருக்கு அருகில், 1861-ம் ஆண்டு நவம்பர் 6-ல் பிறந்தவர் ஜேம்ஸ் நைஸ்மித். ஒன்பதாம் வயதிலேயே பெற்றோர் இருவரையும் டைபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, உற்றார் வீட்டில் வளர்ந்தார். மான்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்திலும், பின்னர் அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் கல்லூரியிலும் பயின்று, 1890-ல் இறையியற் கல்வியை முடித்தார். குருத்தொண்டிற்குச் செல்ல வேண்டியவர் தேகப்பயிற்சிக் கூடத்தை நாடியது அவரைச் சார்ந்தோர்க்கு வருத்தத்தையே விளைத்தது. பிரசங்க பீடத்தை விட்டு ஒருவன் பந்தாடும் களத்திற்கு இறங்குதல் தாழ்வென்று அக்காலத்தார் எண்ணினர். நைஸ்மித்தோ, இளைஞரை நல்வழிப்படுத்தற்குப் பிரசங்க பீடம் ஒன்றே இடமன்று என்று கருதினார். பந்தயச் சாலையில் ஓடுவோரையும் உடலை ஒறுத்து அடக்குவோரையும் உவமை காட்டிச் சபைகளுக்கு நிருபம் எழுதிய பவுல் அப்போஸ்தலர் அவர் கருத்தை மறுத்திரார் என்பது எம் துணிபு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தி வந்தனர். நைஸ்மித் அங்கே ஆசிரியரானார். 1891-ம் ஆண்டுப் பனிக்காலத்தில், வெளியே ஆடவியலாமல் கூடத்துள் அடைபட்டுச் சலித்திருந்த 18 மாணாக்கர் கொண்ட வகுப்பொன்று அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அது முன்னரே ஆசிரியர் இருவர் முயன்று கைவிட்ட வகுப்பு. கூடத்துள் ஆடத்தக்க புதிய ஆட்டமொன்றைக் காணும்படி பள்ளியின் தேகப்பயிற்சித் துறைத் தலைவர் லூதர் கூலிக் அவருக்கு இட்ட தவணை 14 நாள். நைஸ்மித் முதலிற் பழைய ஆட்டங்களைக் கூடத்துக்கேற்பத் திருத்திப் பார்த்தார், பயனில்லை. பின்பு, ஆட்டங்களில் முரட்டுத்தனம் ஏன் விளைகிறது என்று ஆராய்ந்தார். பந்தை ஏந்தி ஒருவன் ஓடுவதாலன்றோ பிறர் அவனைப் பற்றி வீழ்த்துகின்றனர்? ஆகவே பந்தோடு ஓடுதல் கூடாதென விதித்தார். இலக்கு எதிரே நிமிர்ந்து நிற்பதாலன்றோ பந்தை முழுவலியோடு எறிகின்றனர்? ஆகவே இலக்கைத் தலைக்கு மேலே, வாய் வானை நோக்கும்படி வைத்தார். பழம் பறிக்கும் கூடைகள் இரண்டு, 10 அடி உயரத்தில், மாடத்தின் விளிம்பில் அறையப்பட்டன. விதிகள் 13 எழுதப்பட்டன. டிசம்பரில் நடந்த முதல் ஆட்டம் ஒன்றுக்குச் சுழியம் என்று முடிந்தது.

இதிற் காணத்தக்கது ஒன்றுண்டு. வன்மையைத் தண்டனையால் மட்டும் அடக்க முயன்றவர் அல்லர் அவர். வன்மையாற் பயனில்லாதபடி ஆட்டத்தையே அமைத்தார். கைவலிமை மட்டும் உடையவன் கூடையில் பந்தை இடவியலாது. கண்ணும் கையும் ஒத்து, வேகத்தை அடக்கி, பந்தை வளைத்து எறிதல் வேண்டும். தன்னடக்கத்தைப் போதனையாக அன்றிப் பழக்கமாகக் கற்பிக்கும் ஆட்டம் இது. மாணாக்கன் ஒருவன் இதற்கு அவர் பெயரையே சூட்டலாம் என்றபோது அவர் நகைத்து மறுத்துவிட்டார்.

நிற்க. 1898-ல் மருத்துவப் பட்டமும் பெற்ற நைஸ்மித், அவ்வாண்டே கான்சஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். தேகப்பயிற்சியோடு கல்லூரிச் சிற்றாலய வழிபாட்டை நடத்துதலும் அவர் பணியாயிற்று. அங்குக் கூடைப்பந்துக் குழுவொன்றை அமைத்து 1907 வரை அதன் பயிற்றுநராக இருந்தார். 1899-ல் அக்குழு ஆடிய முதற் போட்டியிலேயே 16-க்கு 5 எனத் தோற்றது. அவர் காலத்தில் வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. கூடைப்பந்திற் புகழ்பெற்ற அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் வரிசையில், வெற்றியினும் தோல்வி மிகுதியாகப் பெற்றவர் இன்றளவும் அவர் ஒருவரே. ஆட்டத்தைக் கண்டவரே அதிற் பெரிதும் தோற்றவர்! நம் உணவு விடுதியின் நீதிமன்றத்தில் அவர் நிறுத்தப்பட்டிருப்பின், "வேறொருவரை அமர்த்துக" என்றே நாமும் தீர்ப்பளித்திருப்போம்.

அவர் தோற்றது ஏன்? ஆட்டத்தை மாணாக்கர் உடலும் உள்ளமும் வளர்தற்குரிய கருவியென அவர் எண்ணினாரேயன்றி, வெல்லுதற்குரிய கலையென எண்ணவில்லை. தம் குழு ஆடும்போது தாமே நடுவராக நின்ற நாட்களும் உண்டு. அவரிடம் பயின்ற பாரஸ்டு ஆலன் என்பார் பயிற்றுநர் வேலையை ஏற்கப் புகுந்தபோது, இது ஆடுதற்குரியதேயன்றிப் பயிற்றுதற்குரியதன்று என்னும் கருத்தில் அவர் நகையாடினார் என்பர். இவ்விடத்தில் நைஸ்மித் பிழைபட்டார் என்றே யாம் கருதுகிறோம். பயிற்றுதல் ஒரு கலை என்பதை அவர் மாணாக்கரே பின்னர் மெய்ப்பித்தனர். எனவே, தோல்வியே சிறப்பு என்றோ, வெற்றியை வேண்டாதிருத்தலே அறம் என்றோ நாட்டுதல் எம் நோக்கமன்று.

ஆயினும் அவர் கணக்கை 1907-ம் ஆண்டோடு மூடிவிடுதல் தகுமா? அவருக்குப்பின் அக்குழுவைப் பயிற்றியவர் அவர் மாணாக்கராகிய ஆலனே. 1907 முதல் 1909 வரையிலும், மீண்டும் 1919 முதல் 1956 வரையிலும் பணியாற்றிய ஆலன், கான்சஸுக்காக 590 வெற்றிகளை ஈட்டி, 1952-ல் தேசியப் பட்டத்தையும் பெற்றுத் தந்தார். அவரிடம் பயின்ற அடால்ஃப் ரப் கென்டக்கியிலும், டீன் ஸ்மித் வட கரோலினாவிலும் பயிற்றுநராயமர்ந்து, ஒவ்வொருவரும் 870-க்கு மேற்பட்ட வெற்றிகளைக் கண்டனர். இன்று கான்சஸ் பல்கலைக்கழகத்தின் பேரரங்கம் ஆலன் பெயரைத் தாங்குகிறது. அவ்வரங்கினுள்ளே ஆட்டம் நிகழும் தரையோ நைஸ்மித்தின் பெயரைத் தாங்குகிறது. வென்ற மாணாக்கர் மேலே கூரையாகவும், தோற்ற ஆசிரியர் கீழே நிலமாகவும் நிற்கும் அமைப்பு பொருத்தமானதே.

இவர்களினும் சிறந்த சான்றாக யாம் கருதுவது இன்னொருவர் வரலாறு. 1933-ல் ஜான் மக்லெண்டன் என்னும் கறுப்பின இளைஞர் கான்சஸுக்குத் தேகப்பயிற்சிக் கல்வி கற்க வந்தார். நிற வேற்றுமை ஆண்ட அக்காலத்தில் பல்கலைக்கழகக் குழுவில் ஆடுதற்கு அவருக்கு இடமில்லை. எழுபது வயதைக் கடந்திருந்த நைஸ்மித் அவரைத் தம் மாணாக்கராக ஏற்று, ஆட்டத்தின் நுட்பங்களைக் கற்பித்து, பயிற்றுநர் தொழிலுக்கு ஆற்றுப்படுத்தினார். ஆடுகளத்தில் அடியெடுத்து வைக்கலாகாது என்று தடுக்கப்பட்டவர் பயிற்றுநராகி என்ன செய்தார்? 1944-ம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரார் கோவிலில் இருந்த வேளையில், வட கரோலினாவில் கதவுகளைத் தாழிட்டுக்கொண்டு, தம் கறுப்பின மாணாக்கரை வெள்ளை மருத்துவ மாணாக்கர் குழுவோடு ஆடச் செய்தார். சட்டமும் வழக்கமும் விலக்கிய ஆட்டம் அது. 88-க்கு 44 என அவர் குழு வென்றது. அதனினும் பெரிது அதன்பின் நடந்தது; இரு குழுவினரும் கலந்து பிரிந்து மீண்டும் ஓர் ஆட்டம் ஆடினர். பின்னர் அவர் பயிற்றிய டென்னசிக் கல்லூரிக் குழு 1957, 1958, 1959 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து தேசியப் பட்டம் ஒன்றை வென்றது. 1966-ல், வெள்ளையர் மிகுந்த பல்கலைக்கழகம் ஒன்றில் தலைமைப் பயிற்றுநராக அமர்ந்த முதற் கறுப்பினத்தவரும் அவரே ஆயினார். இவ்வெற்றிகளுள் ஒன்றேனும் நைஸ்மித்தின் 55-ல் எண்ணப்படவில்லை. ஆயின், அவை எவர் இட்ட வித்தின் விளைவு?

வெற்றிக் கணக்கைக் கடந்து மனிதரை அளக்கும் நெறி தமிழருக்குப் புதியதன்று. வெண்ணிப் பறந்தலையிற் சோழன் கரிகாலன் வென்றான். முதுகிற் பட்ட புண்ணிற்கு நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் துறந்தான். வென்ற கரிகாலனை நேரில் விளித்துப் பாடிய வெண்ணிக் குயத்தியார், அவன் வெற்றியைப் போற்றிய வாயாலேயே, தோற்ற சேரனை அவனுக்கு மேலாக வைத்துப் பேசத் தயங்கினாரல்லர். பெருமிதம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்களாகக் கல்வியையும் அஞ்சாமையையும் புகழையும் கொடையையும் எண்ணிய தொல்காப்பியனார், வெற்றியைத் தனியே ஓரிடமாக எண்ணவில்லை. இவற்றை வகுப்பில் ஓதித் தேர்வில் எழுதும் நாம், களத்தின் ஓரத்தில் நிற்கும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஸ்பிரிங்பீல்டில் ஏற்றிய விளக்கு நம் சென்னைக்கும் வந்தது. அப்பள்ளியிற் பயின்ற ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், 1920-ல் சென்னையில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துத் தேகப்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் குழுவின் பொறுப்பையும் ஏற்றார். ஆயினும் அவர் பெரும்பணி பந்தயம் வெல்வோரைத் தேடுதலன்று; பயிற்றுவோரைப் பயிற்றுதலே. 1943-ல் காலமாகும்வரை அவர் அப்பணியிலேயே நின்றார். நந்தனத்தில் விளங்கும் அக்கல்லூரியில் தேர்ந்தோர் நாடெங்கும் பள்ளிகளிற் பரவினர். சீழ்க்கையைக் கழுத்திலே தொங்கவிட்டுக்கொண்டு வெயிலில் நிற்கும் தேகப்பயிற்சி ஆசிரியர் என்னும் ஒருவர் நம் பள்ளிகளிற் காணப்படுவதற்குப் பக் அவர்களின் உழைப்பு ஒரு பெருங் காரணமாகும். பக் வென்ற கோப்பைகளை இன்று எவரும் எண்ணுவதில்லை.

அத்தகைய ஆசிரியர் ஒருவரை யாம் எம் ஊரிலேயே கண்டோம். எம்மூர் அத்திப்பட்டு. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையில் உள்ளது. ஒருபுறம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மறுபுறம் துறைமுகத்திற்கு இரவு பகலாகச் செல்லும் பாரவண்டிகள். பிள்ளைகளின் தந்தையர் பலர் முறை மாற்றிப் பணி செய்வோர். மாலையில் வீட்டில் ஆளிருக்கும் என்பது உறுதியன்று. யாம் பயின்ற பள்ளிக்கு வந்த தேகப்பயிற்சி ஆசிரியர், பட்டறையொன்றிற் கேட்டு வாங்கிய இரும்பு வளையத்தைக் கம்பத்திற் பொருத்திக் கூடைப்பந்துக் களமொன்றை அமைத்தார். காலை ஆறு மணிக்கு அவர் அங்கு நிற்பார். இரவுப் பணி முடித்து மிதிவண்டியில் திரும்பும் தந்தையர் சிறிது நின்று தம் மக்கள் ஆடுவதைப் பார்த்துச் செல்வர். குள்ளன் என்றும், தடித்தவன் என்றும், மூச்சு வாங்குபவன் என்றும் எவரையும் அவர் விலக்கியதில்லை. விதியை மீறியவன் நடுவர் கேளாமலே கையை உயர்த்துதல் வேண்டும் என்பது அவர் சட்டம். யாம் கையை உயர்த்தப் பழகியது அங்கேதான்.

நான்கு ஆண்டுகளில் எம் குழு ஒரு கோப்பையும் பெறவில்லை. பத்தாம் வகுப்பில் விளையாட்டு நேரம் கணக்குப் பாடத்திற்குக் கொடுக்கப்பட்டது. அவர் விடியற்காலையில் இன்னும் அரை மணி முன்னதாக வந்தார். ஐந்தாம் ஆண்டில், பள்ளிக்குப் பெயர் வாங்கித் தரவில்லையென்று அவர் பணி புதுப்பிக்கப்படவில்லை. யாமும் எம் தோழரும் அதனை அறிந்தும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேர்வு நெருங்கியிருந்தது என்பது எம் சாக்கு. அக்களத்தில் எம்மோடு ஆடியவருள் இருவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். ஒருவர் மருத்துவமனையிற் செவிலியராக உள்ளார். ஒருவர் தேகப்பயிற்சி ஆசிரியராதற்குப் பயில்கின்றார். ஓய்வு நாளில் அவ்விருவரும் அதே வளையத்தின் கீழ்ச் சிறுவர்க்கு ஆட்டம் கற்பிப்பதை யாம் காண்கிறோம். அவர்களும் குள்ளனை விலக்குவதில்லை. இவ்வெற்றி எந்தப் பதிவேட்டில் உள்ளது? இவ்வாண்டு நம் பயிற்சியாசிரியரைக் குறித்து யாம் பேசிய பேச்சு, அன்று எம் ஆசிரியரை அனுப்பிய அதே பேச்சு என்பதை உணர்ந்தபோது எமக்கு நாணம் உண்டாயிற்று.

இதற்குச் சிலர் தடை கூறுவர். "கல்லூரிக்குப் புகழ் வேண்டாவோ? வெற்றி பெற்ற வீரனுக்கன்றோ விளையாட்டு ஒதுக்கீட்டிற் கல்வியும் வேலையும் கிடைக்கின்றன? ஏழை மாணாக்கன் ஒருவனுக்கு அது வாழ்வன்றோ?" என்பர். மெய்யே. சென்னையிற் பிறந்து இந்திய மகளிர் கூடைப்பந்துக் குழுவிற்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது மகிழாதார் யார்? வெல்லத் தக்கவரை வெல்லச் செய்தல் பயிற்றுநரின் கடமை. அதிற் சோம்பியிருப்பவர்க்கு யாம் பரிந்து பேசவில்லை. யாம் மறுப்பது, அஃதொன்றே கடமை என்னும் கொள்கையை. கோப்பையே கோலாயின், பயிற்றுநர் என் செய்வார்? முன்னரே ஆடத் தெரிந்த பன்னிருவரை வெளியிலிருந்து தேடிக்கொணர்வார். கற்க வந்த இருநூறு பேரை வேலிக்கு வெளியே நிறுத்துவார். நாம் எதை எண்ணுகிறோமோ அதையே அவர் விளைப்பார். அவர்மேல் குற்றமில்லை; கோல் நம்முடையது.

ஆகவே நம் கல்லூரித் தலைவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு விடுக்கின்றோம். முதலாவது, இம்மலரில் ஆண்டுதோறும் வெளிவரும் விளையாட்டறிக்கையில், பெற்ற கோப்பைகளோடு, அவ்வாண்டு களத்திற்கு வந்த மாணவ மாணவியர் எத்தனைபேர், அவருள் அதற்குமுன் பந்தைத் தொடாதவர் எத்தனைபேர், இங்குப் பயின்று வெளியேறிப் பிறரைப் பயிற்றுவோர் எத்தனைபேர் என்பனவும் அச்சிடப்படுக. இரண்டாவது, மாலைப் பயிற்சி முடியும்வரை தங்கினால் வீடு சேர இரவாகும் எம்போன்ற தொலைவிடத்து மாணாக்கர்க்காக, வாரத்தில் இரு நாளேனும் நண்பகல் இடைவேளையிற் களம் திறக்கப்படுக. மூன்றாவது, பயிற்சியாசிரியரின் பணியை ஆண்டிற்கொருமுறை ஆட்ட முடிவுகளைக் கொண்டு தீர்மானிக்காது, ஒரு வகுப்பினர் நுழைந்து பட்டம் பெற்று வெளியேறும் காலமளவாவது அவருக்கு அளிக்கப்படுக. தமிழாசிரியர் ஒருவரை ஓராண்டுத் தேர்வு முடிவு கொண்டு நாம் விலக்குவதில்லை. உடலையும் ஒழுக்கத்தையும் வளர்ப்பவர்க்கு மட்டும் குறுகிய தவணை ஏன்?

நைஸ்மித்தின் முதுமையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி இதனை முடிப்போம். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களிற் கூடைப்பந்து முதன்முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. அதனைக் கண்டவர் காணவேண்டுமென்று, பயிற்றுநர்கள் ஒன்றுகூடிப் பொருள் திரட்டி அவரை அங்கு அனுப்பினர். இறுதி ஆட்டம் திறந்தவெளியில், மழையில், சேற்றில் நடந்தது. அவர் பிறந்த கனடாவும், அவர் குடியேறிய அமெரிக்காவும் எதிர்நின்றன; அமெரிக்கா 19-க்கு 8 என வென்றது. வென்றோர்க்கும் தோற்றோர்க்கும் பதக்கம் வழங்கியவர் நைஸ்மித்தே. 1939 நவம்பரில் அவர் காலமானார். அன்று சேற்றிலே நின்ற அம்முதியவரிடம், "ஐயா, தாங்கள் பயிற்றுநராயிருந்து வென்ற ஆட்டங்கள் எத்தனை?" என்று கேட்க எவருக்கேனும் மனம் வந்திருக்குமோ?

நம் பயிற்சியாசிரியர் நாளை மாலையும் களத்திற்கு வருவார். தோற்ற குழுவும் வரும். அவரைக் கண்டு, நம் சொல்லுக்கு வருந்தி வணக்கம் கூற யாம் செல்கின்றோம். அத்திப்பட்டிற் கூறத் தவறிய வணக்கமும் அதனுள் அடங்கும். உணவு விடுதியில் எம்மோடு அமர்ந்து பேசிய அன்பர்களும் உடன் வருவார்களாக.